75-ஐத் தாண்டினால் ஆடும் பழைய பைக்: எங்கே பார்ப்பது, எந்த வரிசையில் பார்ப்பது

என்னிடம் இருப்பது 1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100. வாங்கிய புதிதில் ஆறு மாதம் ஊருக்குள்ளேயே ஓட்டினேன், ஒரு குறையும் தெரியவில்லை. முதல் முறையாகத் திண்டிவனம் கிளம்பிய அன்று, செங்கல்பட்டைத் தாண்டி ரோடு காலியாகக் கிடந்ததும் ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். ஸ்பீடோ முள் 75-ஐத் தொட்டதுதான் தாமதம், வண்டி நெளிய ஆரம்பித்துவிட்டது. ஹேண்டில் இடமும் வலமும் தானாகப் போய்வருகிறது. வேகத்தைக் குறைத்தேன், நின்றுவிட்டது. மறுபடி 75, மறுபடி அதே கூத்து.

மெக்கானிக்கிடம் விட்டேன். வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கோன்செட் போயிருக்குண்ணே" என்றார். ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் குண்டு, கிண்ணம் எல்லாம் சேர்ந்ததுதான் கோன்செட். மாற்றினோம். ஆட்டம் போகவில்லை. "இந்தக் கோன்செட் சரியில்ல, வேற போடலாம்" என்றார். அதையும் மாற்றினோம், அன்றே முன் டயரையும். இரண்டும் பயனில்லை. நான்காவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின் ரிம்மைப் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன். அழுத்தித் தேய்க்கும்போதெல்லாம் எங்கிருந்தோ 'டொக்', 'டொக்' என்று சத்தம். பிரஷைப் போட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளினேன். சக்கரம் மட்டுமில்லை, அதைச் சேஸிஸோடு இணைக்கும் கவையான ஸ்விங் ஆர்மே சேர்ந்து நகர்ந்தது. ஸ்விங் ஆர்ம் சேஸிஸோடு சேரும் இடத்தில் இருக்கும் குழாய் வளையம், அதாவது புஷ், தேய்ந்து, உள்ளே இருந்த பிவட் போல்ட் கிரீஸ் பார்க்காமல் துருவேறிக் கிடந்தது. முன்னால் ஆடியதற்குக் காரணம் பின்னால் உட்கார்ந்திருந்தது. இரண்டு கோன்செட்டுக்கும் ஒரு டயருக்கும் கொடுத்த காசு கொடுத்ததுதான்.

எனக்குத் தெரிந்து பழைய வண்டி வாங்குகிறவர்களில் பாதிப் பேர் இதே வழியில்தான் போகிறார்கள். ஹேண்டில் ஆடினால் ஹேண்டிலைப் பார்ப்பது கைப்பழக்கம். அதற்கு மாறாக, காசு செலவாகாத சோதனையில் தொடங்கி, பின்பக்கம் பார்த்துவிட்டு முன்பக்கம் வருகிற வரிசையை இங்கே எழுதியிருக்கிறேன். ஆர்எக்ஸ் 100, பழைய புல்லட், யெஸ்டி, முதல் தலைமுறை ஸ்ப்ளெண்டர் மாதிரி ஸ்போக்ஸ் சக்கரமும் பின்னால் இரண்டு ஷாக்கும் உள்ள வண்டிகளுக்கு இது அப்படியே பொருந்தும்.

முதலில், எப்படி ஆடுகிறது என்று சொல்லுங்கள்

'வாபிள்' என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் மூன்று வேறு வேறு தொல்லைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் அது நொடிக்கு எத்தனை முறை அடிக்கிறது என்பதை வைத்துப் பிரிக்கலாம்.

ஒன்று, உதறல். ஹேண்டில் மட்டும் படபடவென்று அடிக்கும், நொடிக்கு ஏறக்குறைய 4 முதல் 10 முறை. பெரும்பாலும் ஆக்ஸிலேட்டரை விட்டு வேகம் 70-லிருந்து 40-க்கு இறங்கும் வழியில் வரும். கை இறுக்கமாக இருந்தால் அடங்கியிருக்கும், பிடியைத் தளர்த்தினால் தலைகாட்டும். இது வந்தால் முன்பக்க டயர், கோன்செட், முன் சக்கரம் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம்.

இரண்டு, நெளிசல். ஹேண்டில் தனியாக இல்லை, வண்டி முழுவதுமே மீன் நீந்துவதுபோல மெதுவாக இடம் வலம் போகும், நொடிக்கு 2 முதல் 4 முறை. வேகம் கூடக்கூட மோசமாகும். வளைவில், அல்லது பின்னால் ஆள் உட்கார்ந்தால் அதிகமாகும். என் வண்டிக்கு இருந்தது இதுதான். ஸ்விங் ஆர்ம், பின் சக்கரம், பின் ஷாக், பின்னால் கட்டிய சுமை என்று பின்பக்கத்தைப் பாருங்கள்.

மூன்று, நடுக்கம். இடம் வலம் எதுவும் இல்லை, கைப்பிடியிலும் சீட்டிலும் ஒரு குறுகுறுப்பு. ஒரு சின்னக் கணக்கு போட்டால் இதைப் பிரித்துவிடலாம். 18 அங்குல ரிம்மில் 2.50 டயர் போட்ட முன் சக்கரம் ஒரு சுற்றுக்கு 1.8 மீட்டர் சொச்சம் போகிறது. 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். அதாவது சக்கரம் நொடிக்குப் 12 முறை சுற்றுகிறது. ரிம் கோணலாகவோ ஒரு பக்கம் கனமாகவோ இருந்தால், அந்த 12 முறையும் ஒரு தட்டு விழும். எண்ண முடியாத வேகத்தில் வருவதால்தான் அது குறுகுறுப்பாகத் தெரிகிறது. எண்ண முடிகிற மாதிரி ஆடினால் அது உதறலோ நெளிசலோதான். க்ளட்சைப் பிடித்ததும் குறுகுறுப்பு மாறினால் அது சக்கரமே இல்லை, இன்ஜின் அதிர்வு.

உதறல் ஏன் வருகிறது என்று ஒரு வார்த்தை. மருத்துவமனை ஸ்ட்ரெச்சரில், விமான நிலைய டிராலியில் ஒரு சின்னச் சக்கரம் படபடவென்று அடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சக்கரம் தன் அச்சுக்குப் பின்னால் இழுபட்டு வருவதால், எப்போதும் நேராக வரப் பார்க்கும். அச்சு தளர்ந்திருந்தால் நேரைத் தாண்டி மறுபக்கம் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டும். பைக்கின் முன் சக்கரமும் அதே ஏற்பாடுதான். ஹேண்டில் திரும்பும் அச்சை நீட்டிக் கோடு போட்டால் அது தரையைத் தொடுமிடம், டயர் தரையைத் தொடுமிடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும். அதனால்தான் வண்டி நேராகப் போகிறது. எங்கேயாவது தளர்வு இருந்தால் உதறுவதும் அதனால்தான்.

ஒரு விஷயம் விட்டுப்போகக் கூடாது. புதுத் தார் போடுவதற்காக மேல்தளத்தைச் சுரண்டி, நீளவாக்கில் கோடு கோடாக விட்டிருக்கும் ரோட்டில் எந்த வண்டியும் தள்ளாடும். நீளப் பள்ளம் உள்ள ரிப் டயர் முன்னால் இருந்தால் இன்னும் அதிகம். லாரியை ஒட்டிப் போகும்போது காற்று அடிப்பதும் அப்படித்தான். இதற்கெல்லாம் வண்டியைக் குறை சொல்ல வேண்டாம். நல்ல ரோட்டில், காற்று இல்லாத காலை நேரத்தில் ஆடினால்தான் கணக்கு.

ஓட்டும்போது ஆடினால்

பயத்தில் பிரேக்கைப் பிடிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் வரும். முன் பிரேக்கைப் பிடித்தால் எடை முன் டயர் பக்கம் சாய்ந்து உதறல் கூடும். ஆக்ஸிலேட்டரை மெதுவாகக் குறையுங்கள், ஒரேயடியாக விடாதீர்கள். முழங்காலால் டேங்கை அழுத்திப் பிடியுங்கள், உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாயுங்கள், கைப்பிடியை நழுவாத அளவுக்கு மட்டும் பிடியுங்கள். இறுக்கிப் பிடித்துச் சண்டை போட்டால், உங்கள் தோள் ஆடுவதும் வண்டியில் சேர்ந்துகொள்ளும். வேகம் 50-க்குக் கீழே வந்ததும் ஓரம் கட்டுங்கள்.

சோதனைக்காகக் கையை விட்டு ஓட்டுவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். நின்ற இடத்திலேயே பார்த்துக் கண்டுபிடிக்க முடிகிற வேலைக்குப் பல்லை அடகு வைக்க வேண்டியதில்லை.

காசு செலவில்லாத மூன்று சோதனை

சுமை. பின்னால் கேரியர், பெட்டி, முன்னால் பெரிய கண்ணாடி, கிராஷ் கார்டில் கட்டிய பை, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு தரம் ஓட்டிப் பாருங்கள். பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் தொங்கும் எடை முன் சக்கரத்தைத் தூக்கிவிடுகிறது, நெளிசல் தானாக வரும். நூறு கிலோ சொச்சம் எடையுள்ள ஆர்எக்ஸில் பின்னால் பத்து கிலோப் பெட்டி என்பது சின்ன விஷயமில்லை.

காற்று. டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். பங்க் காற்றுக் குழாயின் மீட்டரை நம்பாதீர்கள், சொந்தமாக ஒரு சின்ன கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு என்பது உங்கள் வண்டியின் கையேட்டிலோ செயின் கவரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ இருக்கும். முன்னும் பின்னும் ஒரே அளவு அடித்துக் கொடுப்பது நம் கடைகளில் வழக்கம். முன்னால் குறைவாகவும் பின்னால் கூடுதலாகவும் இருக்க வேண்டிய வண்டிகள்தான் பெரும்பாலும். பின்னால் நாலைந்து பி.எஸ்.ஐ. குறைந்தாலே பழைய பைக் நெளியும்.

டயர். பக்கச்சுவரில் நான்கு இலக்கத்தில் ஓர் எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பழைய பைக் டயர்கள் தேய்ந்து சாவதைவிட ஷெட்டில் நின்று காய்ந்து சாவதே அதிகம். பட்டன் (டயர் மேலுள்ள ரப்பர் கட்டைகள்) நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி இருந்தாலோ பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்பு ஓடினாலோ மாற்றுங்கள். பின்னாலிருந்து குனிந்து பாருங்கள், டயரின் நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்திருந்தால் வண்டி நேருக்கும் சாய்வுக்கும் நடுவில் ஒரு விளிம்பில் ஏறி இறங்கும். கையை டயர்மேல் முன்னும் பின்னும் தடவினால் ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பம் மாதிரியும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டயர் ரிம்மில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்பதைப் பலர் பார்ப்பதில்லை. ரிம்முக்குச் சற்று மேலே டயரைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு ஓடும். சக்கரத்தைச் சுற்றிவிட்டால் அந்தக் கோட்டுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி எங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு உள்ளே மறைந்தால், பஞ்சர் போட்டவர் அவசரத்தில் விட்டுவிட்டார் என்று அர்த்தம். காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி ஏற்றினால் சரியாகும்.

அப்புறம் அந்த அகல டயர் மோகம். ஆர்எக்ஸின் ஒல்லி ரிம்மில் 100/90 போட்டால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ரிம் இடுக்கிப் பிடிப்பதால் டயரின் வளைவு கூம்பி, வண்டி எதிலும் உறுதியாக உட்காராது. இப்படி டயர் மாற்றிய வண்டியில் வேறு எதையும் தேடுவதற்கு முன் கம்பெனி அளவு டயருக்குத் திரும்பிப் பாருங்கள்.

பின்பக்கம்

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின் சக்கரம் தரையைத் தொடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்துக்குப் பின்னால் உட்காருங்கள்.

முதலில் சக்கரத்தின் உச்சியையும் அடியையும் இரண்டு கையால் பிடித்து எதிரெதிராக அசையுங்கள். அப்புறம் கடிகாரத்தில் மூன்று, ஒன்பது மணி இருக்கும் இடங்களைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளி இழுங்கள். எதுவும் நகராமல் கல் மாதிரி இருக்க வேண்டும். 'டொக்' என்றால், எது எதோடு ஒப்பிட்டு நகர்கிறது என்று பார்க்க வேண்டும். இதுதான் முக்கியமான இடம். ஸ்விங் ஆர்ம் அசையாமல் ரிம் மட்டும் அசைந்தால் வீல் பேரிங். ரிம்மும் ஸ்விங் ஆர்மும் ஒன்றாகச் சேர்ந்து சேஸிஸுக்கு எதிராக அசைந்தால் ஸ்விங் ஆர்ம் புஷ். சந்தேகமாக இருந்தால் ஒரு விரலை ஸ்விங் ஆர்மும் சேஸிஸும் சேரும் இடுக்கில் வைத்துக்கொண்டு, இன்னொருவரைச் சக்கரத்தை ஆட்டச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத அரை மில்லி விரலுக்குத் தெரியும். பின் ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல் சக்கரம்) தனியாகப் பிடித்து ஆட்டினால் கொஞ்சம் அசையும், அது உள்ளே இருக்கும் டேம்பர் ரப்பர். அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஷாக் மாட்டியிருக்கும்போது புஷ் தேய்வு முழுதாக வெளிப்படாது. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் பின் சக்கரத்தைக் கழற்றி, இரண்டு ஷாக்கின் கீழ் போல்ட்டையும் விடுவித்துவிட்டு, ஸ்விங் ஆர்மை அதன் நுனியில் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். பிறகு மேலும் கீழுமாகத் தூக்கி விடுங்கள். பக்கவாட்டில் ஆட்டமே கூடாது, மேலும் கீழும் ஒரே சீராகப் போக வேண்டும். என் வண்டியில் நுனி ஏறக்குறைய 4 மில்லி பக்கவாட்டில் போனது. பின்னால் இவ்வளவு தளர்வு இருந்தால் முன்னால் ஏன் ஆடாது?

புஷ் மாற்றும்போது பிவட் போல்ட்டையும் பாருங்கள். புஷ் உட்காரும் இடத்தில் நகம் தட்டும் அளவுக்குப் படி விழுந்திருந்தால், புதுப் புஷ் போட்டும் பயனில்லை, போல்ட்டையும் மாற்ற வேண்டும். புது ஸ்பேர் கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்து கொடுப்பார்கள். பிவட் நட்டை ஓரளவு இறுக்கிவிட்டு ஆர்ம் தன் எடையில் இறங்குகிறதா என்று பார்த்த பிறகு கடைசி இறுக்கம் கொடுங்கள்.

வீல் பேரிங் விஷயத்தில் பழைய வண்டிகளுக்கே உரிய ஒரு குளறுபடி உண்டு. ஹப்புக்குள் இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு குழாய்த் துண்டு, ஸ்பேசர், இருக்கும். எப்போதோ யாரோ பேரிங் மாற்றும்போது அதைப் போட மறந்திருப்பார்கள். அது இல்லாமல் ஆக்ஸில் நட்டை இறுக்கினால் பேரிங்கின் உள்வளையம் பக்கவாட்டில் நெரிபடும். புதுப் பேரிங்கும் சீக்கிரமே போய்விடும். ஒரே வண்டிக்கு அடிக்கடி பேரிங் போகிறதென்றால், கழற்றும்போது ஸ்பேசர் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள்.

ஷாக். சீட்டை அழுத்தி விடுங்கள். ஒரு முறை எழுந்து நின்றுவிட வேண்டும், குதிரை மாதிரி இரண்டு மூன்று தடவை ஆடினால் எண்ணெய் போய்விட்டது. இரண்டு ஷாக்கிலும் ஸ்பிரிங் திருகு ஒரே படியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இரண்டாவது படியிலும் இன்னொன்று நான்காவது படியிலும் இருந்த வண்டிகளை நானே இரண்டு பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் புது ஷாக் போடுவதும் இதே தப்புதான்.

நூல் பிடித்துப் பார்ப்பது

செயின் டைட் செய்யும்போது இரண்டு பக்க அட்ஜஸ்டரிலும் உள்ள கோடுகளைச் சமமாக வைத்தால் போதும் என்று நினைக்கிறோம். முப்பது வருடப் பழைய ஸ்விங் ஆர்மில் அந்தக் கோடுகளை நம்ப முடியாது. இரண்டு அட்ஜஸ்டருக்கும் நடுவே ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் என்று வையுங்கள். ஒரு பக்கம் 1 மில்லி கூடினால், ஒன்றேகால் மீட்டர் தள்ளி இருக்கும் முன் சக்கரத்தில் அது ஆறேழு மில்லி கோணலாக முடியும். வண்டி நண்டு மாதிரி ஒரு பக்கமாகவே போகும்.

கொத்தனார் நூல் எட்டு மீட்டர், நான்கு செங்கல், பொறுமை, கூட ஓர் ஆள். இவ்வளவு போதும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஆளை உட்காரவைத்து நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். சென்டர் ஸ்டாண்டில் போட்டால் ஸ்டாண்டின் கால் நூலைத் தட்டும். நூலின் நடுப்பகுதியைப் பின் டயரின் பின்புறம் சுற்றி, தரையிலிருந்து அரைச் சாண் உயரத்தில், இரண்டு பக்கமும் முன்னோக்கி இழுத்து, முன் சக்கரத்தைத் தாண்டி இரண்டிரண்டு செங்கலில் கட்டுங்கள். நூல் சைலன்சரையோ ஃபுட்ரெஸ்ட்டையோ தொடக் கூடாது. இப்போது செங்கற்களை மெல்ல உள்பக்கம் நகர்த்துங்கள். நூல் பின் டயரின் முன்விளிம்பை லேசாகத் தொட்டதும் நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் இப்படிச் செய்தால், பின் சக்கரம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று இரண்டு நூலும் காட்டிக்கொடுக்கும்.

முன் டயர் ஒல்லி என்பதால் நூல் அதைத் தொடாது, இரண்டு பக்கமும் சில மில்லி இடைவெளி இருக்கும். ஹேண்டிலைச் சரிசெய்து, முன் டயரின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் நூலின் தூரம் ஒன்றாக வரும்படி வையுங்கள். இப்போது இடப்பக்க இடைவெளியையும் வலப்பக்க இடைவெளியையும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். எத்தனை மில்லி என்பது முக்கியமில்லை, சமமா என்பதே கேள்வி. ஒரு பக்கம் அதிகமாக இருந்தால், டார்க் ராடை (பின் பிரேக் பிளேட்டைச் சுற்றாமல் பிடித்திருக்கும் கம்பி) தளர்த்தி, ஆக்ஸில் நட்டை விடுவித்து, ஒரு அட்ஜஸ்டரைக் கால் சுற்று திருகி மறுபடி அளந்து பாருங்கள். சமமானதும், பழைய கோடுகளை மறந்துவிட்டு, ஆணியால் நீங்களே புதுக் கோடு கீறிக்கொள்ளுங்கள். இறுக்கும்போது டார்க் ராட் நட்டையும் அதன் ஸ்ப்ளிட் பின்னையும் மறக்காதீர்கள், அது கழன்றால் பின் பிரேக் பிளேட்டே சுற்றிவிடும்.

இன்னொரு அளவும் எடுத்துப் பாருங்கள். பிவட் போல்ட்டின் நடுவிலிருந்து ஆக்ஸிலின் நடு வரை இடமும் வலமும் ஒன்றாக இருந்தும் நூல் கோணலாகக் காட்டினால், சக்கரத்தை ஸ்போக்ஸ் கட்டும்போதே நடுவிலிருந்து தள்ளிக் கட்டியிருக்கிறார்கள், அல்லது வண்டி எப்போதோ விழுந்து சேஸிஸ் கோணியிருக்கிறது. முதலாவதைச் சரிசெய்யலாம். இரண்டாவது என்றால் சேஸிஸ் பெண்டு எடுக்கும் பட்டறையில் காட்டிவிட்டுத்தான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும்.

ரிம்மும் ஸ்போக்ஸும்

முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் ஒரு பேனாவை ரப்பர் பேண்டால் கட்டி, அதன் முனை ரிம்மை ஒட்டி நிற்கும்படி வைத்து, சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைவது 2 மில்லிக்கு மேல் போனால் கோட்டம் எடுக்க வேண்டும். பக்கவாட்டிலும் பாருங்கள், மேலும் கீழும் பாருங்கள். பின்னால் ஸ்விங் ஆர்மில் பேனாவைக் கட்டி அதே மாதிரி. ஸ்போக்ஸை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டினால் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் 'டிங்' என்க வேண்டும். எது 'டொத்' என்கிறதோ அது தளர்ந்தது. அதை மட்டும் இஷ்டத்துக்கு இறுக்காதீர்கள், எதிர்ப்பக்கம் ரிம்மை இழுத்துவிடும். கோட்டம் எடுக்கிறவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. எடுத்த பின் திரும்பவும் நூல் பிடியுங்கள்.

கோன்செட்டும் ஃபோர்க்கும்

இப்போதுதான் முன்னால் வருகிறோம். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஒருவரைப் பின்சீட்டில் உட்காரவைத்தால் முன் சக்கரம் தூக்கிக்கொள்ளும். ஹேண்டிலை நேராக வைத்து இரண்டு விரலால் மிக மெதுவாகத் திருப்புங்கள். நேரான இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்து ஏறுகிற மாதிரி தெரிந்தால் கோன்செட் போனது நிச்சயம். குண்டுகள் பல வருடம் ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கிண்ணத்தில் குழி பறித்திருக்கும். இதை இறுக்கிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

பள்ளம் இல்லையென்றால், வண்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு ஃபோர்க்கின் அடியையும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள். 'டக்' என்று ஆட்டம் தெரிந்தால் கோன்செட் தளர்ந்திருக்கலாம், ஃபோர்க் புஷ் தேய்ந்திருக்கலாம். சேஸிஸின் தலைக்கும் டி ஸ்டெம்முக்கும் (இரண்டு ஃபோர்க்கையும் சேர்த்துப் பிடிக்கும் துண்டு) நடுவே விரல் வைத்தால் எது என்று தெரிந்துவிடும். முன் பிரேக் பிடித்தால் 'டொக்' என்று வரும் சத்தமும் பெரும்பாலும் இதுதான்.

இறுக்கும் வேலையில்தான் பலர் கெடுக்கிறார்கள். உளி வைத்துச் சுத்தியலால் தட்டி நட்டை நாசமாக்குவார்கள். பிறகு தளர்வு இருக்கவே கூடாது என்று இறுக்கித் தள்ளுவார்கள். சி வடிவ ஸ்பேனர் வாங்குங்கள். ஆட்டம் மறையும் வரை மட்டும் இறுக்குங்கள். பிறகு ஹேண்டிலை நடுவிலிருந்து லேசாகத் தட்டிவிட்டால், தன் எடையிலேயே அந்தப் பக்கக் கோடிவரை தடையில்லாமல் விழ வேண்டும். இடமும் பாருங்கள், வலமும் பாருங்கள். விழவில்லை என்றால் இறுக்கம் அதிகம், அல்லது க்ளட்ச் கேபிளோ ஒயரிங்கோ தடுக்கிறது. இறுக்கம் அதிகமான வண்டியை எளிதில் கண்டுபிடிக்கலாம்: டிராஃபிக்கில் மெதுவாக ஊரும்போது நேர்கோட்டில் போகாமல் குடித்தவன் மாதிரி தள்ளாடும். மேல் நட்டை இறுக்கியதும் உள்ளே இறுக்கம் மாறும், அதனால் கடைசியாக ஒரு தடவை திரும்பச் சோதியுங்கள். குண்டு வகைக் கோன்செட்டைக் கழற்றுவதானால் கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு கழற்றுங்கள். மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எண்ணி எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை.

ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறதா, இரண்டு காலும் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறுகிறதா என்று பாருங்கள். ஒரு காலில் எண்ணெய் குறைந்திருந்தால் அந்தப் பக்கம் தணிப்பு குறையும். இரண்டையும் வடித்து, கையேடு சொல்லும் அளவை அளவுக் குடுவையில் ஊற்றுங்கள், கண்ணளவு வேண்டாம். பிறகு முன் சக்கரத்தை முழங்கால் நடுவில் இடுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். ஹேண்டில் வேறு, சக்கரம் வேறு என்று நின்றால், எப்போதோ விழுந்ததில் ஃபோர்க் முறுக்கிக்கொண்டிருக்கிறது. ஆக்ஸில், மட்கார்டு, கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி, ஃபோர்க்கை நாலைந்து முறை அழுத்திவிட்டு இறுக்கினால் பெரும்பாலும் நேராகிவிடும். குழாயே வளைந்திருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் கழற்றி ஒரு கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பாருங்கள், அடியில் வெளிச்சம் வந்து வந்து மறைந்தால் வளைவு. முன் சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது பிரேக் பிளேட்டின் காடி ஃபோர்க்கில் உள்ள முண்டில் உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

புல்லட் வைத்திருப்பவர்களுக்கு

பழைய புல்லட்டின் சேஸிஸ் முன்னால் இறங்கும் ஒற்றைக் குழாய், இன்ஜினோடு முடிந்துவிடுகிறது. அடியில் தொட்டில் மாதிரி குழாய் கிடையாது, இன்ஜினே சேஸிஸின் ஒரு பகுதி. அதனால் இன்ஜின் போல்ட் தளர்ந்தால் சேஸிஸ் தளர்ந்த மாதிரிதான். அந்த அதிர்வில் போல்ட் தளர்வதும் சகஜம். மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் இன்ஜின் மவுண்ட் போல்ட்டுகளில் ஒரு சுற்று ஸ்பேனர் போட்டுவிடுங்கள். மற்ற வண்டிகளிலும் ஹேண்டில் தலை, ஸ்விங் ஆர்ம் பிவட் இரண்டைச் சுற்றியும் பெயிண்ட் மயிரிழையாக வெடித்து, அந்த இழையில் துரு கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் அது சேஸிஸ் விரிசல், அன்றோடு ஓட்டுவதை நிறுத்துங்கள்.

சரிசெய்த பின் ஓட்டிப் பார்ப்பது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான் டயரும் கோன்செட்டும் ஒரே நாளில் மாற்றியதால், எதனால் என்ன மாறியது என்றே தெரியாமல் ஒரு மாதம் ஓடியது. ஒரு நோட்டில் தேதி, கிலோமீட்டர், என்ன செய்தீர்கள், எந்த வேகத்தில் ஆடியது, ஏறும்போதா இறங்கும்போதா, தனியாகவா ஆளோடா என்று எழுதுங்கள். ஓட்டிப் பார்க்க ஒரே ரோடு, ஒரே நேரம். 50-இல் தொடங்கி ஐந்தைந்தாகக் கூட்டுங்கள், லேசாக ஆரம்பித்ததும் அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு குறைத்துவிடுங்கள். அதைத் தாண்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம். ஆட்டம் 75-லிருந்து 85-க்குத் தள்ளிப் போனால் நீங்கள் தொட்ட பொருள் காரணங்களில் ஒன்று, இன்னொன்று எங்கேயோ இருக்கிறது. பழைய வண்டியில் குற்றவாளி ஒருவராக இருப்பது அபூர்வம். என் வண்டியில் புஷ் மாற்றியதும் நெளிசல் போனது, ஆனால் 60-லிருந்து இறங்கும்போது ஒரு சின்ன உதறல் மிச்சமிருந்தது. அது நூல் பிடித்த அன்றுதான் போனது.

புதுக் கோன்செட் போட்டிருந்தால் 500 கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப ஒரு தடவை முன் சக்கரத்தைத் தூக்கிப் பாருங்கள். கிண்ணங்கள் சேஸிஸில் அழுந்தி உட்கார்ந்து கொஞ்சம் தளர்வு வந்திருக்கும், நட்டைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினால் போதும்.